இருநூறு குரோனருக்கு நன்றி

2022 அக்டோபர் 14, வெள்ளிக்கிழமை மாலை, நார்வேயின் வடகரையில் ஸ்கார்வோய் தீவுக்கு மேற்கே ஒரு மீன்பிடிப் படகு மூழ்கியது. படகில் இருந்தவர் ஒருவர்தான். பெயர் ஹால்வார் ப்ரூவோல். வயது நாற்பத்தொன்று. உடல் கிடைக்கவில்லை.

இங்கே சொல்லப்போவது அதற்கு அடுத்த ஆண்டு டிசம்பரில் நடந்தது. நடந்ததுதான். ஒரு பாதி போலீஸிடம் கொடுத்த வாக்குமூலத்தில் இருக்கிறது. மறுபாதிக்குச் சாட்சி ஹால்வாரின் அக்கா குட்னி மட்டும். அவள் பேய்களைப் பற்றிப் பேசுகிறவள் இல்லை. கணக்கில் ஒரு வரி இடித்தால் சாப்பிடப் போகாமல் உட்கார்ந்திருக்கிறவள்.

குட்னி வேலை பார்த்தது ஸ்கார்வோய் கடல் மீட்புச் சங்கத்தில். மக்கள் கொடுக்கும் நன்கொடையில் ஓடுகிற சங்கம். ஒரு மீட்புப் படகு, அதற்கு நான்கு ஆட்கள், துறைமுகத்தில் மாடியில் ஒரு அலுவலகம். நன்கொடை கொடுத்தவர்களின் பெயர், முகவரி, போன் எண் எல்லாம் அடங்கிய பதிவு குட்னியின் பொறுப்பு.

சங்கத்துக்கு ஒரு பழைய போன் எண் உண்டு. தீவில் எல்லாருக்கும் அது மனப்பாடம். முன்பெல்லாம் அதைக் கூப்பிட்டால் மீட்புப் படகின் ஆட்களே எடுப்பார்கள். நாடு முழுவதுக்கும் பொதுவான அவசர எண் தனியாக இருந்தது. ஸ்கார்வோய்க்காரர்கள் அதைச் சீண்டுவதில்லை. "தெக்கே எங்கேயோ உக்காந்திருக்கிறவனுக்கு நம்ம பாறை எதுன்னு தெரியுமா?" என்பார்கள். நேராகச் சங்கத்தின் மீட்பு ஸ்டேஷனைத்தான் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு படகிலும் சுக்கானுக்கு மேலே மஞ்சள் ஸ்டிக்கரில் அந்த எண் ஒட்டியிருக்கும்.

2022 கோடையில் ஸ்டேஷன் போனை மூடினார்கள். அழைப்பெல்லாம் இனி பொது எண்ணுக்கே போக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அப்போது புதிதாக வந்திருந்த இயக்குநர் ஷெத்தில் ஒரு யோசனை சொன்னான்.

"எல்லாருக்கும் மனப்பாடமான நம்பர். இதைப் போய் யாராவது சும்மா விடுவாங்களா? தங்கம்யா இது."

அந்த எண் நன்கொடை எண்ணாக மாறியது. கூப்பிட்டால் போதும். அலுவலகச் சுவரில் மாட்டிய ஒரு பெட்டி அழைப்பை எடுக்கும். பதிவு செய்த குரல் நன்றி சொல்லும். கூப்பிட்டவரின் போன் பில்லில் இருநூறு குரோனர் ஏறும். இணைப்பு தானாகத் துண்டித்துக்கொள்ளும். எல்லாம் பன்னிரண்டு விநாடி. இந்த மாற்றம் பற்றிய அறிவிப்பு உறுப்பினர்களுக்குப் போகும் இதழின் கடைசிப் பக்கத்தில் வந்தது. படகுகளில் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது.

பெட்டிக்குள் பேசும் குரல் குட்னியுடையது. ஷெத்தில்தான் பேச வைத்தான். "உன் குரல்ல ஒரு பாசம் இருக்கு. கேட்டா மனசு இளகிடும்" என்றான்.

"ஸ்கார்வோய் கடல் மீட்புச் சங்கம். உங்கள் இருநூறு குரோனருக்கு நன்றி. நீங்கள் இன்று ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறீர்கள்."

ஹால்வார் மூழ்கிய அதே மாலையில் ஊர் மண்டபத்தில் சங்கத்தின் நிதி திரட்டும் விழா. ஆட்டுக்கறியும் முட்டைக்கோஸும் வெந்துகொண்டிருந்தன. மேடையில் பெரிய திரை. நன்கொடை வர வர அதில் தொகை ஏறும். ஏறும்போதெல்லாம் எல்லாரும் கை தட்டினார்கள். குட்னியும் தட்டினாள். யார் கொடுத்தது என்று திரையில் வராது. பணத்தை வாங்கித் தரும் நிறுவனத்தின் கணினி வேறு, சங்கத்தின் பதிவு வேறு. இரண்டுக்கும் நடுவே எந்தத் தொடர்பும் அப்போது இல்லை.

விசாரணைக் குழு வந்தது. படகில் ரேடியோ இருந்திருக்கிறது. அதில் யாரையும் கூப்பிடவில்லை. பொது அவசர எண்ணுக்கும் அழைப்பு இல்லை. சங்கத்துக்கும் எந்த உதவி அழைப்பும் வரவில்லை என்று ஷெத்தில் எழுதிக் கொடுத்தான். ஹால்வாரின் போன் பில்லில் அந்தத் தேதிக்கு ஒரே வரி. நன்கொடை, 1400 குரோனர். அந்தப் பில்லே போதும் என்று குழு விட்டுவிட்டது. உதவி கேட்காதவன், போவதற்கு முன்னால் தானம் செய்துவிட்டுப் போயிருக்கிறான். 'அவரே தேடிக்கொண்ட முடிவாக இருக்கலாம்' என்று அறிக்கையில் ஒரு வாக்கியம் ஏறியது. தீவு அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டது.

ஹால்வாரின் மனைவி மைப்ரிட் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. சங்கத்தின் அலுவலகத்துக்கே வந்து குட்னியின் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

"அவன் கூப்பிட்டிருப்பான். உங்க ஆளுங்கதான் எடுக்கல."

"எந்த அழைப்பும் வரலை, மைப்ரிட். நான் பாத்துட்டேன்."

"நீ பாத்தே? நீ அவங்க சம்பளத்துல பாத்தே. அந்த வாக்கியம் போகணும். என் புருஷன் சாகறதுக்காகக் கடலுக்குப் போகலன்னு எழுதணும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

ஷெத்தில் அத்துடன் விடவில்லை. அடுத்த வசந்தத்தில் சங்கம் ஒரு விளம்பரம் போட்டது. ஹால்வாரின் படம். கீழே, 'அவருடைய கடைசி எண்ணம் மற்றவர்களின் உயிரைப் பற்றியது.' பணம் கொட்டியது. மீட்புப் படகுக்குப் புது எஞ்சின் வந்தது. கூட்டுறவுக் கடையின் கதவில் ஒட்டியிருந்த விளம்பரத்தை மைப்ரிட் கிழித்துப் போட்டாள். மறுநாள் அதே இடத்தில் வேறொன்று ஒட்டினார்கள்.

இனி அந்த டிசம்பர்.

2023 டிசம்பர் 14, வியாழக்கிழமை. இணையத்திலும் போனிலும் வரும் நன்கொடைகளைச் சங்கத்தின் பதிவோடு இணைக்கும் வேலையில் குட்னி காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். அங்கே இருக்கும் போன் எண்ணை இங்கே இருக்கும் போன் எண்ணோடு பொருத்த வேண்டும். பொருந்தினால் பணம் அந்தப் பெயருக்குக் கீழே போய் உட்காரும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். புது ஏற்பாட்டில் ஒவ்வொரு நன்கொடைக்கும் தானாக ஒரு நன்றிச் செய்தி போகும். பழைய நன்கொடைகளுக்கு அது போகக் கூடாது. அதை நிறுத்திவைக்க ஒரு கட்டம் உண்டு. குட்னி அதில் டிக் போட்டாள். திரும்பவும் பார்த்தாள். டிக் இருந்தது.

மதியம் ஒன்றரை. வெளியே நல்ல இருட்டு. டிசம்பரில் அங்கே சூரியன் எழுவதில்லை. ஜன்னலில் காகித நட்சத்திர விளக்கு. மேசையில் முந்தைய நாள் லூசியா பண்டிகையில் மிஞ்சிய குங்குமப்பூ ரொட்டி.

இணைத்தாள்.

நாலாயிரத்துச் சொச்சம் வரிகள் ஓடின. நின்றன. திரையின் மூலையில் சின்னதாக ஒரு தகவல்.

அனுப்பிய நன்றிச் செய்திகள்: 1.

ஒன்றும் போயிருக்கக் கூடாது. போனால் நாலாயிரமும் போயிருக்க வேண்டும். அது என்ன, ஒன்று?

அமுக்கினாள்.

ஹால்வார் ப்ரூவோல். செய்தி சேர்ந்துவிட்டது.

அந்தப் போன் இணைப்பை மூடுவதற்கு மைப்ரிட்டோடு கடைக்குப் போனவள் குட்னி. பேச்சு நிற்பதற்கு முன்பு. அந்த எண் இல்லாமல் போய் ஒரு வருஷம் ஆகிறது. சேர்ந்தது என்றால்... எங்கே?

பிறகுதான் பெயருக்குக் கீழே பார்த்தாள். அங்கே 1400 இல்லை.

இருநூறு. இருநூறு. இருநூறு... ஏழு இருநூறு.

முதலாவது மாலை 7.04-க்கு. கடைசி 7.13-க்கு.

தானம் செய்கிறவன் ஒன்பது நிமிஷத்தில் ஏழு தடவையா கூப்பிடுவான்?

குட்னி முதலில் அழுகை வருகிறது என்று நினைத்தாள். அழுகை இல்லை. கோபம்.

"ஷெத்தில்! இங்க வா."

"என்ன, சிஸ்டம் படுத்துருச்சா?" ரொட்டியைக் கடித்துக்கொண்டே வந்தான்.

"பாரு."

பார்த்தான். வாய் நின்றது. பிறகு மெதுவாக மறுபடி மென்றது.

"சரி. ஏழு தடவை குடுத்திருக்கான். தாராள மனசு."

"ஸ்டேஷனைக் கூப்பிட்டிருக்கான்."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"ரேடியோ நனைஞ்சு செத்திருக்கும். கையில போன் இருந்திருக்கும். தலைக்கு மேல நம்ம ஸ்டிக்கர் இருந்திருக்கும். வேற யாரைக் கூப்பிடுவான், பேக்கரியையா?"

"கத்தாத, குட்னி. கீழ ஆளுங்க இருக்காங்க."

"கேக்கட்டும். அவன் முங்கிட்டே கூப்பிட்டிருக்கான். நீ அதுக்குக் காசு பிடிச்சே. அப்புறம் அவன் படத்தைப் போட்டு எஞ்சின் வாங்கினே."

"நான் வாங்கல, சங்கம் வாங்கிச்சு. அந்த எஞ்சின் இந்த வருஷம் மூணு பேரை இழுத்துட்டு வந்துச்சு. அதையும் சொல்லு." குரலைத் தாழ்த்தினான். "இது வெளிய போனா நாளைக்கு ஒருத்தன் ஒரு குரோனர் குடுக்க மாட்டான். படகு கரையிலயே நிக்கும். அதுக்கப்புறம் சாகறவனுக்கு நீ பதில் சொல்லுவியா?"

"இவனுக்கு நீ முதல்ல சொல்லு."

"என்னத்த சொல்ல? ஏழு நன்கொடைன்னுதான் இதுல இருக்கு. உதவி கேட்டான்னு எங்க இருக்கு, காட்டு. வேணும்னா படம் பிடிச்சு வெச்சுக்கோ. உன் தம்பி என்ன சொன்னான்னு யாருக்குத் தெரியும்? அந்தப் பெட்டி கேக்காது. பேச மட்டும்தான் பேசும்."

அப்போது கணினி சிணுங்கியது.

ட்டிங்.

புதிய நன்கொடை. 200 குரோனர். ஹால்வார் ப்ரூவோல்.

சுவரில் பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். பன்னிரண்டு விநாடி. அணைந்தது.

"அந்த நம்பரை வேற எவனுக்காவது குடுத்திருப்பாங்க" என்றான் ஷெத்தில். "உன் மெசேஜைப் பாத்துட்டு மனசு இளகிப் போட்டிருக்கான். நான்தான் சொன்னேனே, உன் பாசம்..."

சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

குட்னி திரையைக் காட்டினாள். புது நன்கொடையின் நேரம் 7.04 என்று இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு பத்து. பட்டியலில் எட்டு வரி இருக்க வேண்டும்.

ஏழுதான் இருந்தது.

"கடிகாரம் தப்பு. புது இணைப்புன்னா இப்படித்தான் குழப்பும்." கோட்டை எடுத்தான். "எனக்கு அக்கரைக்குப் போற படகுக்கு நேரமாச்சு. அந்த ஏழு வரியையும் அழிச்சுடு. பழைய போன் விவரத்தை வெச்சிருக்கறதே சட்டப்படி தப்பு. அழிச்சுட்டு எனக்கு மெசேஜ் போடு."

"மாட்டேன்."

"அப்ப நாளையிலருந்து வராத. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன்கிட்ட சொல்லி நானே அழிச்சுக்கறேன்."

"போடா."

போனான். படியில் அவன் ஓடி இறங்கும் சத்தம் கேட்டது. கடித்த ரொட்டி மேசையிலேயே கிடந்தது.

குட்னி தனியாக நின்றாள்.

பெட்டிக்குப் பக்கத்து அலமாரியில் ஸ்டேஷனின் பழைய போன் இருந்தது. கனமான சாம்பல் நிறப் போன். தூக்கிப் போட மனமில்லாமல் பெட்டியோடு சேர்த்தே இணைத்து வைத்திருந்தார்கள். மணி அடிக்காது. ஆனால் எடுத்துக் காதில் வைத்தால் லைனில் நடப்பது கேட்கும்.

ட்டிங்.

விளக்கு எரிந்தது. குட்னி போனை எடுத்தாள்.

காற்று. எதன் மீதோ தண்ணீர் அறையும் சத்தம். எஞ்சின் சத்தம் இல்லை. யாரோ மூச்சு வாங்கினார்கள். அந்த மூச்சின் மேல் அவளுடைய குரலே ஏறி உட்கார்ந்தது.

"ஸ்கார்வோய் கடல் மீட்புச் சங்கம். உங்கள் இருநூறு..."

க்ளிக்.

ஒரு நிமிஷம். விளக்கு.

"ஸ்டேஷன்? ஹால்வார் பேசறேன். வெளிப்பாறைக்கு மேக்க. எஞ்சின் ரூம்ல தண்ணி, முழங்காலுக்கு மேல..."

"...குரோனருக்கு நன்றி. நீங்கள் இன்று ஓர் உயிரைக்..."

க்ளிக்.

அவன் குரல்தான். சந்தேகமே இல்லை.

விளக்கு.

"பெரிசு! உன் குரல் கேக்குது! நாந்தான்!"

சின்ன வயதிலிருந்து அவன் அவளை அப்படித்தான் கூப்பிடுவான். பெரிசு. வேறு யாரும் கூப்பிட்டதில்லை.

"ஹால்வார்!" கத்தினாள். "ஹால்வார், கேக்குதுடா!"

அவளுடைய கத்தல் அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை. பெட்டிக்குள் இருந்தவள் நிதானமாக நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

க்ளிக்.

விளக்கு.

"எதுக்கு நன்றி சொல்ற? விளையாடாத பெரிசு... குளிருது... யாரையாவது அனுப்பு..."

க்ளிக்.

விளக்கு.

"காசு இல்லடா! காசு குடுக்கக் கூப்பிடலடா! படகு அனுப்புங்கடா, பாவிகளா!"

"...ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறீர்கள்."

க்ளிக்.

காது நனைந்திருந்தது. கழுத்து வழியாக ஏதோ வழிந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

உப்பு.

ஷெத்தில் இருந்தபோது ஒன்று. அப்புறம் ஐந்து. பாக்கி ஒன்றுதான். அதற்குப் பிறகு பட்டியலில் எதுவும் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

விளக்கு.

இந்த முறை அவன் பேசவில்லை. காற்று மட்டும். பல் கிடுகிடுக்கும் சத்தம். பெட்டிக் குரல் முழுதாகப் பேசி முடித்தது. ஒரு வார்த்தை விடாமல்.

க்ளிக்.

அமைதி.

திரையில் ஏழு வரி.

"இல்ல" என்றாள் குட்னி. வாய்விட்டு. "முடியாது."

பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வரவில்லை. சுவரில் காலை ஊன்றி இழுத்தாள். ஆணியோடும் சுண்ணாம்போடும் பிய்ந்து வந்தது. தரையில் அடித்தாள். மறுபடி அடித்தாள். உள்ளே எங்கேயோ அவளுடைய குரல் 'நன்றி' என்று இழுத்து இழுத்து நின்றது. சுவரிலிருந்து தொங்கிய வயரைப் பழைய போனில் நேராகச் செருகினாள்.

நின்றாள்.

காத்திருந்தாள்.

ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை...

ட்ரிங்ங்ங்.

விளக்கு எரிய அங்கே பெட்டியே இல்லை. அடித்தது மணி. ஒன்றரை வருஷமாக அடிக்காத ஸ்டேஷன் மணி.

எடுத்தாள்.

"ஸ்டேஷன்."

காற்று.

"...பெரிசு?"

"நாந்தான்டா."

"நெசமாவா? நன்றி சொல்ல மாட்டியே?"

"மாட்டேன். பெட்டியை உடைச்சுட்டேன். நாந்தான்."

மூச்சு. தண்ணீர்.

"படகு வருதா?"

குட்னி கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் இருக்கேன். போனை வெக்க மாட்டேன். பேசு."

அவன் பேசினான். மணி இரண்டு நாற்பத்தொன்றுக்கு எடுத்தாள். இரண்டு ஐம்பத்திரண்டு வரை போன் அவள் காதில் இருந்தது. கடைசியில் க்ளிக் சத்தம் வரவில்லை. குரல் குறைந்தது. தண்ணீர் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

கோட்டுகூடப் போடாமல் மைப்ரிட்டின் வீட்டுக்கு நடந்தாள். கதவைத் திறந்த மைப்ரிட் அவளை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு பக்கத்துத் தலைமுடியும் தோளும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. வெளியே மழையும் இல்லை, பனியும் இல்லை.

"என்ன? கதவுல அவன் படம் ஒட்ட வந்தியா?"

"கூப்பிட்டான், மைப்ரிட். ஏழு தடவை. ஸ்டேஷன் நம்பருக்கு."

"யார் எடுத்தா?"

"என் குரல்."

"உன் குரலா?"

"பெட்டியில இருந்துச்சே, அது. ஏழு தடவையும் அது அவனுக்கு நன்றி சொல்லிச்சு."

மைப்ரிட் அவளை அறைந்தாள். பலமாக. குட்னி அசையாமல் நின்றாள். இன்னொரு அறை விழும் என்று எதிர்பார்த்தாள்.

மைப்ரிட் கதவை விட்டு நகர்ந்து வழி விட்டாள்.

"உள்ள வா. எல்லாத்தையும் சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு."

சொன்னாள். அந்தப் பதினொரு நிமிஷத்தில் ஹால்வார் என்ன பேசினான் என்பது அந்த இரண்டு பெண்களுக்கு மட்டும் தெரியும். போலீஸ் கேட்டபோதும் இருவரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை இருவரும் சேர்ந்து போய்ப் புகார் கொடுத்தார்கள். பழைய எண், ஸ்டிக்கர், ஏழு அழைப்புகளின் நேரம், இதெல்லாம் புகாரில் இருந்தது. பதினொரு நிமிஷத்தை குட்னி தன் வாக்குமூலத்தில் ஒரே வாக்கியமாகச் சொன்னாள். எழுதிக்கொண்ட அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, "இதையும் எழுதணுமா?" என்று கேட்டார். "எழுதுங்க" என்றாள் மைப்ரிட்.

ஷெத்திலையும் விசாரித்தார்கள். ஒரு முறை விளக்கு எரிந்ததைப் பார்த்ததாக ஒப்புக்கொண்டான். நேரம் 7.04 என்று காட்டியதையும் ஒப்புக்கொண்டான். வேறெதுவும் தெரியாது என்றான். சங்கம் குட்னியை வேலையை விட்டு நீக்கியது. காரணம், அலுவலகப் பொருளை உடைத்தது.

தீவின் படகுகளிலிருந்து மஞ்சள் ஸ்டிக்கர்களை உரித்து எடுக்க ஒரு வாரம் ஆனது. விசாரணைக் குழு 2024 ஏப்ரலில் அறிக்கையைத் திருத்தியது. மைப்ரிட் போகச் சொன்ன வாக்கியம் போனது. 'படகில் இருந்தவர் உதவி கேட்டுத் தொடர்ந்து அழைத்தார்' என்று அந்த இடத்தில் எழுதினார்கள். ஷெத்தில் அதற்கு முன்பே தெற்கில் வேறொரு தொண்டு நிறுவனத்துக்கு இயக்குநராகப் போய்விட்டான்.

திருத்துவதற்காகக் குழு முதன்முறையாகத் தொலைபேசி நிறுவனத்திடம் விவரம் கேட்டது. நிறுவனம், ஹால்வார் இறந்த அன்று அவர் போனிலிருந்து சங்கத்தின் எண்ணுக்குப் போன அழைப்புகளை எழுதி அனுப்பியது. 7.04 முதல் 7.13 வரை ஏழு அழைப்புகள். ஒவ்வொன்றும் பன்னிரண்டு விநாடி.

7.15-க்கு எட்டாவது அழைப்பு.

அதை யாரோ எடுத்திருக்கிறார்கள். நீளம் பதினொரு நிமிடம்.

பன்னிரண்டு விநாடிக்கு மேல் ஓர் அழைப்பைப் பிடித்துவைக்க அந்தப் பெட்டியால் முடியாது என்று அதைச் செய்தவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். 2022 அக்டோபர் 14 மாலை அலுவலகம் பூட்டியிருந்தது. ஊழியர்கள் எல்லாரும் விழா மண்டபத்தில் இருந்தார்கள். குட்னியும் அங்கேதான் இருந்தாள். அதற்குப் படங்கள் உண்டு.

சங்கம் ஆயிரத்து நானூறு குரோனரை மைப்ரிட்டின் வங்கிக் கணக்குக்குத் திருப்பி அனுப்பியது. எட்டாவது அழைப்புக்குப் பணம் பிடிக்கப்படவில்லை.